ஒரு கல்லுக்கு ஒரு நம்பர்

கீச்சென்று ஒரு சத்தம் பின்கட்டிலிருந்து கிளம்பி அருங்காட்சியகம் முழுக்கப் பரவியது. பல்லின் வேர்வரை இறங்கிக் கூசவைக்கும் சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. முன்கூடத்தில் நிற்கும் யானையின் எலும்புக்கூடுகூட ஒரு நொடி திடுக்கிட்டிருக்கும்.

ஊசிக்காரி குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே மேசைமேல் வைத்தாள். கல் அறுக்கிற மெஷின் சத்தம் அது. திங்கட்கிழமை, அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. காலை எட்டரை மணிக்கு அவளுக்குத் தெரியாமல் யார், எந்தக் கல்லை அறுக்கிறார்கள்?

ஊசிக்காரி என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். கல்லுக்குள் புதைந்து கல்லாகவே ஆகிவிட்ட எலும்பையும் முள்ளையும் சிப்பி ஓட்டையும் ஊசிமுனையால் சுரண்டிச் சுரண்டி வெளியே கொண்டுவருவது அவள் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை குனிந்த தலை நிமிராமல் சுரண்டினால் ஒரு நகத்தளவு தெரியும். பத்தொன்பது வருஷமாகச் சுரண்டுகிறாள். சின்னச் சத்தத்துக்கே கை நடுங்கிவிடும் வேலை. இந்தச் சத்தத்துக்கு அவள் ஓடினாள்.

மெஷின் இருக்கும் பின்கட்டுக் கொட்டகையை நெருங்குவதற்குள் நாற்றம் அவளைப் பிடித்துக்கொண்டது. அழுகிய முட்டை நாற்றம்.  அது என்ன சொல்கிறது என்பது புரிந்ததும் இன்னும் வேகமாக ஓடினாள்.

ஒரே ஒரு குவாரியின் கல்லுக்குத்தான் அந்தக் குணம். சும்மா கிடக்கும்வரை ஒரு வாசனையும் இருக்காது. வெட்டினால் நாறும். உடைத்தால் நாறும். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் சேற்றில் மூச்சு முட்டிச் செத்ததெல்லாம் அப்போதுதான் மூச்சை வெளியே விடுவதுபோல நாறும். அந்தக் குவாரியின் கல் இந்தக் கட்டிடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மீன்கல்.

கட்டில் அகலத்துக்கு ஒரு பலகைக்கல். அதில் ஐம்பத்தேழு மீன்கள், உள்ளங்கை நீளத்தில், எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து, ஒரு கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தபோதே நின்றுபோனதுபோல. முன்கூடத்தில் சுவரோரம் இருபத்தெட்டு வருஷம் இருந்தது. இப்போது மெஷின் மேல் மூன்று துண்டாகக் கிடந்தது. சக்கரத்தின்மேல் தண்ணீர் கொட்ட, சாம்பல் நிறச் சகதி வழிந்து வாளியில் விழுந்தது. வாளி நிரம்பி, சாக்கடையில் ஓடியது.

"நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க!"

தச்சர் மெஷினை நிறுத்தினார். அருங்காட்சியகத்தில் மரவேலையும் அவர்தான், கல் அறுப்பதும் அவர்தான். முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"எனக்கு என்ன தங்கச்சி தெரியும்? கோடு போட்டுக் குடுத்தாங்க, கோட்டுல அறுக்கறேன். இந்த நாத்தத்துல காலைல சாப்பிட்டதே வெளிய வந்துரும்போல இருக்கு. வேணும்னா கோடு போட்டவரைக் கேளு."

கோடு போட்டவர் கொட்டகையின் மறுபக்கத்தில், தூறலுக்குக் குடை பிடித்து, கக்கத்தில் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். அவள் புருஷன்.

அந்தச் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு நேர்த்தி. பதிவேடு எழுதுகிற கை. பதினாலு வருஷமாகத் தற்காலிக ஊழியர். எழுத்து மட்டும் அச்சு மாதிரி நிரந்தரமாக இருக்கும்.

"கத்தாத. மாடிக்குக் கேக்கும்" என்றான்.

"கேக்கட்டும். என்ன கல்லுன்னு தெரிஞ்சுதான் அறுக்குறீங்களா?"

"நம்பர் முந்நூத்திப் பதிமூணு. தெரியாம இருக்குமா?"

"நான் நம்பரைக் கேக்கல."

அவன் குடையைச் சுருக்கி, விரித்து, மறுபடி சுருக்கினான். "சனிக்கிழமைக்குள்ள அம்பதாயிரம் ஆகணும். நாப்பத்தெட்டு குறையுது. நான் என்ன செய்ய?"

அருங்காட்சியகத்தின் கல் சேகரம் ஐம்பதாயிரத்துக்கு வந்து சேர்ந்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஒரே ஒரு அலமாரிதான். அதில் முந்நூற்றுச் சொச்சம் கற்கள். அப்போது இருந்த பழைய காப்பாளர் ஒரு விதி எழுதிவைத்தார்: ஒரு கல்லுக்கு ஒரு நம்பர். ஒரு கல்லில் ஒரு சிப்பி இருந்தாலும் ஒன்று, நூறு சிப்பி இருந்தாலும் ஒன்று. ஏமாற்றக்கூடாது என்று எழுதிய விதி. கிணறு வெட்டுகிறவர்கள் கொண்டுவந்தார்கள். ரோடு போடுகிறவர்கள் கொண்டுவந்தார்கள். மழை பெய்து ஓடை அரித்தால் மறுநாள் சாக்குப்பையோடு யாராவது வாசலில் நிற்பார்கள். அலமாரி அறையானது, அறை மாடியானது. அதுவரை அது வளர்ச்சி.

காப்பாளர் ஓய்வு பெற்றார். இப்போதைய இயக்குநர் வந்தார். வந்த மாதமே வாசலில் எண்ணிக்கைப் பலகை ஒன்றை மாட்டினார். அதனால் அவருக்குக் 'கணக்கு சார்' என்று பெயர் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது வீக்கம். ஒரு முதலையின் தாடை இருந்தது. பல்லெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பல்லையும் பிடுங்கினால் ஒவ்வொன்றும் தனிக் கல்தானே? ஒரு முதலை எழுபத்தொன்பது நம்பர் ஆனது. இரண்டு ஓடு மூடியிருந்த சிப்பிகளைப் பிரித்தார்கள். இலை பதிந்த கல்லைப் பிளந்து, இலை இருக்கும் பக்கம் ஒன்று, இலையின் அச்சு இருக்கும் பக்கம் ஒன்று என்று எழுதினார்கள். புருஷன் ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பொட்டு வைத்து, கருப்பு மையில் நம்பர் போட்டான். ஊசிக்காரி அன்றைக்குச் சிரித்தாள். "முதலைக்கு இத்தனை பிறவியா!" என்று டீக்கடைவரைக்கும் சொல்லிச் சிரித்தாள். சிரித்ததோடு சரி.

ஐம்பதாயிரம் ஆனால் முதல் தரம். முதல் தரம் ஆனால் புதுக் கட்டிடம், புதுப் பதவிகள், தற்காலிகமாக இருப்பவர்களுக்கு நிரந்தரம். சனிக்கிழமை விழா. பலகையில் 49,952.

கணக்கு சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஒரு கையில் பிஸ்கட் பொட்டலம். வாய் நிறைய மென்றுகொண்டே பேசுவது அவர் வழக்கம். தூள் சட்டையில் விழும், பதிவேட்டில் விழும், கல்லில் விழும்.

"என்னம்மா பஞ்சாயத்து?"

"சார், இந்த அம்பத்தேழும் ஒரே நாள்ல, ஒரே இடத்துல செத்தது. சேந்து கெடந்தாத்தான் அது கூட்டம்னு தெரியும். பிரிச்சா வெறும் மீனு."

"வெறும் மீனும் மீனுதானே?" அவர் ஒரு பிஸ்கட்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "விதிய நாம மாத்த முடியாது. ஒரு கல்லுக்கு ஒரு நம்பர். ஆய்வுக்குழு வந்தா கல்லைத்தான் எண்ணும். மீனை எண்ணாது. அப்போ கல்லு ஜாஸ்தியாகணும். இதுல என்ன கஷ்டம்?"

"எங்கப்பா கல்லு சார் இது."

"அதான் அவரை மேடைல உக்கார வெக்கிறோமே!" என்றார் கணக்கு சார். அவர் உதட்டோரம் ஈரத் தூள் ஒட்டியிருந்தது. ஊசிக்காரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெஷின் மறுபடி கீச்சிட்டது.

அவள் அப்பா அந்தக் குவாரியில் கல் உடைத்தவர். வெடி வைத்துப் பெயர்த்த பாறையில் ஒரு நாள் இந்தப் பலகை வந்தது. மேஸ்திரி அரவை மெஷினுக்குத் தள்ளச் சொன்னார். அப்பா தள்ளவில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். திட்டினார்கள், இழுத்தார்கள், கூலி கிடையாது என்றார்கள். இரண்டு நாள், நனைக்கிற மழையில், சாப்பாடும் அங்கேயே, தூக்கமும் அங்கேயே. மூன்றாம் நாள் அருங்காட்சியக வண்டி வந்தபிறகுதான் எழுந்தார். வேலை போனது. 'மீன்காரர்' என்ற பெயர் வந்தது. "நான் புடிச்ச மீனைப் பூனைகூட மோந்து பாக்காது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

குவாரித் தூள் பிறகு நெஞ்சில் உட்கார்ந்தது. கல் சில் தெறித்துத் தெறித்துக் கண் போனது. வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் இப்போது. ஆனாலும் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கூட்டம் இல்லாத நாளில், மகள் அவரை அழைத்து வருவாள். இந்தக் கட்டிடத்தில் தொட்டுப்பார்க்க அனுமதியுள்ள ஒரே ஆள் அவர்தான். விரலால் ஒவ்வொரு மீனாகத் தடவி எண்ணுவார். ஐம்பத்தேழு வந்ததும் "எல்லாம் இருக்கு" என்பார். வீட்டுக்குப் போவார்கள்.

அன்று சாயங்காலம் ஊசிக்காரி நேராகக் குளியலறைக்குள் போனாள். தலைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டாள். நாற்றம் முடிக்குள்ளேயே குடியிருந்தது. நகக்கண்ணில் சாம்பல் சகதி. ஊசியால் தோண்டினாள். துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து அழ நினைத்தாள், அழுகை வரவில்லை. 

அந்தத் துவைக்கிற கல்லின் ஓரம் போன வருஷம் அப்பாவின் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. அன்றைக்கே அவள் உப்புத்தாளும் தண்ணீரும் வைத்துக்கொண்டு தேய்த்தாள். மேல் ஓரத்தை மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத கீழ் ஓரத்தையும். அப்பா குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "கீழ எல்லாம் எவன் தேய்ப்பான்! உன் கைதான் இப்படித் தேய்க்கும்" என்றார். அவர் அப்படிப் பாராட்டுவது அபூர்வம்.

துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கை உயர்த்தி மோந்தார்.

"பாப்பா, குவாரிப் பக்கம் போனியா?"

"இல்லப்பா. ஏன்?"

"முட்டை நாத்தம் அடிக்குது. அந்தக் கல்லு நாத்தம்."

"வேற கல்லுப்பா. புதுசா வந்திருக்கு."

"அந்தக் குவாரிலதான் தண்ணி நிறைஞ்சு எப்பவோ மூடிட்டாங்களே?"

"பழைய கல்லுதான். யாரோ வீட்ல வெச்சிருந்து குடுத்திருக்காங்க."

"ஓகோ." இருமல் வந்து அடங்கும்வரை காத்திருந்தார். "அதுலயும் மீன் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எத்தன?"

"எண்ணலப்பா."

"நீயா எண்ணல?" என்றார். பிறகு, சனிக்கிழமை போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைச் சட்டையை வெளுத்தாயிற்றா, அதற்குப் பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டார்.

சமையலறையில் புருஷன் சாப்பிட உட்கார்ந்தான். நல்ல பசி. சோற்றைப் பிசைந்துகொண்டே மெல்லிசாக ஒரு பாட்டை முனகினான். அவன் விரல் இடுக்கிலும் சாம்பல் கோடு. அந்த விரலோடு சோறு உருண்டையாகி வாய்க்குப் போவதை அவளால் பார்க்க முடியவில்லை.

"கையக் கழுவினீங்களா?"

"ரெண்டு தடவை. போக மாட்டேங்குது."

"அப்பாகிட்ட என்னத்தச் சொல்றது?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்னத்துக்குச் சொல்லணும்? மாமாவுக்குத்தான் கண்ணு தெரியாதே."

"கை தெரியும்."

அவன் மென்றுகொண்டே யோசித்தான். "பிளாஸ்டர்ல ஒன்னு வார்த்து வெச்சுட்டா? அந்தக் கல்லுல எடுத்த பழைய அச்சு ஸ்டோர்ல கெடக்கே."

"பிளாஸ்டர் தொட்டா கதகதன்னு இருக்கும். கல்லு ஜில்லுனு இருக்கும். விரல் பட்டதுமே கண்டுபிடிச்சிருவாரு. வேணும்னா உள்ள ஒரு கல்லுப் பலகைய வெச்சு..."

சொல்லும்போதே வாயை மூடிக்கொண்டாள். அப்பாவை எப்படி ஏமாற்றலாம் என்று தொழில் நுணுக்கத்தோடு வழி சொல்லிக்கொண்டிருந்தது அவள் வாய்தான்.

புருஷன் தட்டை நகர்த்தினான். "இங்க பாரு. நான் ஒன்னும் ராட்சசன் இல்ல. வர்ற மாசத்தோட என் நீட்டிப்பு முடியுது. இந்தத் தடவை நிரந்தரம் ஆகலைன்னா வீட்டுக்குப் போன்னுட்டாரு சார். நாப்பத்தாறு வயசுல வெள்ளைப் பொட்டு வெச்சு நம்பர் எழுதத் தெரியும்னு எவன்கிட்டப் போயி நிப்பேன்? சொல்லு."

அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். 

"இன்னொரு விஷயம்" என்றான். "அறுத்த ஓரம் எல்லாம் அரம் மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள தேய்ச்சாகணும். நீ மாட்டேன்னா தச்சர் சக்கரத்துல குடுத்துத் தேய்ப்பாரு. அப்புறம் மீனுக்குத் தலை இருக்காது. யோசிச்சுக்கோ."

யோசித்தாள். செவ்வாய்க்கிழமை காலை உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே தூறல் விடவே இல்லை. அறைக்குள் நாற்றம் ஈரத்தோடு சேர்ந்து கனத்து நின்றது. பக்கத்து அறைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். "மீன் மார்க்கெட் எப்பத் தொறந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். டீயின்மேல் ஆடைபோலக் கல்தூள் படிந்தது. அவள் மூன்று நாளும் மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள்.

ஐம்பத்தேழில் நாலு மீன்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தவை. கோடு அவற்றின்மேல் போனதால் நாலும் சக்கரத்தில் தூளாகிச் சாக்கடைக்குப் போயிற்று. ஐம்பத்து மூன்று தேறியது. ஒவ்வொன்றாக எடுத்தாள். முரட்டு உப்புத்தாளால் மேல் ஓரம். பிறகு திருப்பி, நைசான உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு, கீழ் ஓரம்.

தச்சர் வாசலில் நின்று பார்த்தார். "கீழ எதுக்குத் தங்கச்சி? பெட்டிக்குள்ள வெக்கப் போறாங்க. யாரு கவுத்துப் பாக்கப் போறா?"

"எடுக்கறவங்க கையக் கிழிக்கும்ணே."

"கல்லையே கிழிச்சாச்சு. இனிமே கையப் பத்திக் கவலையா?" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகி, போய் ஒரு கும்பா சுத்தத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கணக்கு சார் வந்தார். ஐம்பத்து மூன்றையும் வரிசையாகப் பார்த்தார். இருப்பதிலேயே முழுசாக, செதில்கூடத் தெரிகிற நாலு மீன்களைப் பொறுக்கித் தனியாக வைத்தார். பிசின் தடவிப் பளபளக்கச் செய்து, நாலு மரப்பெட்டியில் வெல்வெட் துணி விரித்துப் பதிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மற்ற நாற்பத்தொன்பதுக்கும் புருஷன் வெள்ளைப் பொட்டு வைக்க ஆரம்பித்தான்: ஒன்றுக்குப் பழைய முந்நூற்றுப் பதிமூன்று, மற்ற நாற்பத்தெட்டுக்கும் புது நம்பர்.

"அந்த நாலு?" என்று கேட்டாள்.

"நினைவுப் பரிசு. சிறப்பு விருந்தினருக்கு ஒன்னு. ஆய்வுக்குழுத் தலைவருக்கு ஒன்னு. கட்டிட இன்ஜினியருக்கு ஒன்னு."

"நாலாவது?"

புருஷன் தூரிகையை வைத்துவிட்டு நிமிர்ந்தான். முகத்தில் உண்மையான சந்தோஷம். "மாமாவுக்கு! நான்தான் சார்கிட்டக் கேட்டு வாங்கினேன். முதல்ல ஒத்துக்கவே இல்ல, தெரியுமா? மேடைல கூப்பிட்டுக் குடுக்கப் போறாங்க. இருபத்தெட்டு வருஷத்துல அவருக்கு யாராவது ஏதாவது குடுத்திருக்காங்களா?"

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் கசப்புத் தண்ணீர்தான் வந்தது. சாம்பல் சகதி சாக்கடையின் இரண்டு பக்கமும் தோல்போலப் படிந்து கிடந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். அப்பா வாசலிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"மேடைக்கு எத்தன படி பாப்பா?"

"நாலுப்பா."

"நாலு ஏறிடலாம். இருமல் வராம இருந்தாச் சரி." கையைத் தூக்கிக் கும்பிட்டுப் பார்த்தார். "இப்படிக் கும்பிட்டாப் போதுமா? கீழ உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்பா. அப்பா..."

"சொல்லு."

"சட்டைய இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன்."

"சரிம்மா. விழா முடிஞ்சதும் ஒரு தடவை கல்லுகிட்டக் கூட்டிட்டுப் போ. எண்ணிட்டு வந்துரலாம்."

"கூட்டமா இருக்கும்பா."

"கூட்டம் இருந்தா என்ன? நான் என்ன ஓடிப்போயா எண்ணப் போறேன்?"

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. முன்கூடத்தில் நாற்காலிகள். சுவரோரம் மீன்கல் இருந்த இடத்தில் நீலத் திரை. திரைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் நாற்பத்தொன்பது மீன்கள், ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு. சீட்டுக்கட்டை அடுக்கியதுபோல. பன்னீர் தெளித்திருந்தார்கள். அதற்கும் அடியில் அந்த நாற்றம் இருந்தது.

அப்பா வாசலைத் தாண்டியதும் நின்றார். மூக்கு ஒரு தடவை விடைத்தது.  நாலு படியையும் இருமாமல் ஏறி, மேடையின் ஓர நாற்காலியில் உட்கார்ந்தார்.

பலகையைத் திருப்பினார்கள். 50,000. கைதட்டல். ஆய்வுக்குழுத் தலைவர் முதல் தரம் என்று அறிவித்தார். கைதட்டல். நிரந்தரம் ஆனவர்களின் பெயர்ப் பட்டியலில் மூன்றாவதாகப் புருஷன் பெயர். அவன் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தில் இவளைத் தேடினான். இவள் தரையைப் பார்த்தாள்.

பிறகு கணக்கு சார் மைக்கைப் பிடித்தார். அன்றைக்கு வாயில் பிஸ்கட் இல்லை, ஆனாலும் இருப்பதுபோலவே மென்று மென்று பேசினார். "இதோ இந்தப் பெரியவர், ஒரு அபூர்வமான கல்லை உடைக்கக் கூடாதுன்னு ரெண்டு நாள் அது மேலயே உக்காந்திருந்தவர்! உடைச்சிருந்தா இன்னைக்கு இந்தப் பொக்கிஷம் நமக்குக் கிடைச்சிருக்குமா?"

கூடம் அதிரக் கைதட்டினார்கள். தச்சர் மட்டும் தட்டவில்லை. கடைசி வரிசையில் நின்றுகொண்டு தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறப்பு விருந்தினர் தன் பெட்டியைத் திறக்காமலே பின்னால் நின்ற டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போன் பார்த்தார். இன்ஜினியர் திறந்து பார்த்துவிட்டு, "காகிதம் பறக்காம வெக்க நல்லா இருக்கும்" என்றார். அப்பா எழுந்து நின்று, பழகியபடியே உயரத் தூக்கிக் கும்பிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஊசிக்காரி மேடையோரம் போய் அவர் கையைப் பிடித்து இறக்கினாள். முன்வரிசையில் உட்கார வைத்தாள். புருஷனும் வந்து நின்றான். "மாமா, உங்களுக்குன்னு ஸ்பெஷலாச் சொல்லிச் செய்யச் சொன்னது" என்றான். 

"அப்படியா மாப்ள? ரொம்பச் சந்தோஷம்" என்றார் அப்பா. "உங்களுக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சாமே. அதுவும் காதுல விழுந்துச்சு. நல்லா இருங்க."

பெட்டியின் கொக்கியை நகத்தால் தேடித் திறந்தார். வெல்வெட்டைத் தாண்டி விரல் கல்லைத் தொட்டது. நின்றது. மெதுவாக நகர்ந்தது. தலை, செவுள், முதுகு முள். வாலுக்கு வந்தபோது அங்கேயே வட்டமாகச் சுற்றியது. அந்த மீனுக்கு வால் மடங்கியிருக்கும். ஐம்பத்தேழில் அது ஒன்றுக்குத்தான் அப்படி. இடது மேல் மூலையில், அவர் எப்போதும் எண்ண ஆரம்பிக்கிற மீன்.

"அப்பா..." என்றாள். 

அப்பா மீனைப் பெட்டியிலிருந்து பெயர்த்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஒரு கணம் வைத்திருந்தார். பிறகு கவிழ்த்தார். கட்டைவிரலைக் கீழ் ஓரத்தில் வைத்து, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, நாலு பக்கமும் தடவிக்கொண்டு வந்தார். மேடையில் யாரோ நன்றியுரை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

தடவி முடித்த கையாலேயே மகளின் கையைத் தேடிப் பிடித்தார். அவள் விரல்நுனிகள் உப்புத்தாளில் தேய்ந்து வழவழவென்று இருந்தன.

"கையக் கிழிக்கல" என்றார் மெதுவாக. "ஓரம் தேய்ச்சது நீதானே, பாப்பா?"